நெருப்பு நடிப்பதில்லை

ஆடி மாதத்தில் உடப்பு பார்த்தசாரதி திரௌபதியம்மன் கோயிலில் நடக்கும் திருவிழா 18 நாள் நீள்கிறது. பாரதப் போரும் 18 நாள்தான். ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் கடல் என்று இலங்கையின் புத்தளக் கரையில் நீளவாட்டில் கிடக்கும் இந்த ஊரின் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. கரைவலையும் அதை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் அவர்களுடைய வாழ்க்கை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் முரண்டுபிடிக்கும் ஆடியில் ஊரின் மனம் பாரதத்தின் பக்கம் திரும்புகிறது. கொடியேற்றத்தில் தொடங்கும் விழா தீமிதிப்பில் உச்சம் கொள்கிறது. கிழக்கிலங்கையின் பாண்டிருப்புத் திரௌபதி கோயிலில் பாண்டவராக வேடம் பூண்டவர்கள் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுகிறான். வட தமிழ்நாட்டுத் திரௌபதி கோயில்களில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திப் படுகளம் அமைக்கிறார்கள். ஊருக்கு ஊர் சடங்கு மாறினாலும் வரிசை மாறுவதில்லை: முதலில் கதை, பிறகு நெருப்பு. கதையில் வரும் சூதாட்டத்தில் இன்று எவரும் நாட்டை இழப்பதில்லை. துகிலுரியும் கட்டத்தில் எவர் மானமும் போவதில்லை. குழியில் பரப்பிய தணலோ எதையும் நடித்துக் காட்டுவதில்லை, அது சுடும். நடிப்பு முடிந்து மெய் தொடங்கும் அந்த எல்லையை ஒருவர் எந்தத் தகுதியோடு கடக்கிறார் என்பது சடங்குக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. மேடைக்குக் காட்சி அமைத்து வந்த ஒருவர் பட்டப்பின் படிப்பு முடித்துக் கட்டடக்கலைஞராகும்போதும் இதே எல்லையைத்தான் கடக்கிறார். அறத்தின் கண்ணில் அந்த மாற்றம் என்ன என்பதை இங்கே ஆராயலாம்.

வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் உண்டு. இனிகோ ஜோன்ஸ் 1605 முதல் இங்கிலாந்து அரசவையின் முகமூடி நாடகங்களுக்குக் காட்சியும் உடையும் வடிவமைத்தவர். 1615இல் அரச கட்டடங்களின் மேற்பார்வையாளராகி, 1619க்கும் 1622க்கும் இடையில் லண்டன் வைட்ஹோலில் விருந்து மண்டபத்தைக் கட்டினார். ஜெர்மனியின் கார்ல் பிரெட்ரிக் ஷிங்கல், நெப்போலியன் போர்க்காலத்தில் கட்டட வேலை கிடைக்காமல் ஓவியக் காட்சிகளும் மேடைத் திரைகளும் வரைந்தார். 1816இல் மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழ’லுக்குக் காட்சி அமைத்தவர், 1818க்குப் பின் பெர்லினின் நாடக அரங்கையே கட்டினார். இலங்கையில் ஜெப்ரி பாவா சட்டத்தரணியாக இருந்து, லண்டனில் கட்டடக்கலை படித்து, 1957இல் தமது 38ஆம் வயதில் தகுதி பெற்றார். கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் அவருடையது. அவர் விட்டுவந்தது மேடையை அன்று, நீதிமன்றத்தை. ஆனாலும் நடுவயதில் மாணவராகிப் புதுத் தொழிலுக்குப் போனவர் என்ற வகையில் நமக்கு அருகில் உள்ள சான்று அவர்தான். இப்படி மாறுகிறவர்களைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உடனே நாவில் வரும். தன் தொழிலை விட்டவர், ஆகவே வழுவியவர் என்பது ஒன்று. அழியும் கலையிலிருந்து நிலைக்கும் கலைக்குப் போனவர், ஆகவே உயர்ந்தவர் என்பது மற்றது. இரண்டும் பிழை என்பதே என் வாதம். மேடைக்கும் வீட்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு ஆயுளில் இல்லை; உள்ளே வருகிறவர் எதற்கு உடன்பட்டு வருகிறார் என்பதில் இருக்கிறது. மாற்றம் அறமாவதும் பிழையாவதும் அதைப் பொறுத்தது.

முதல் தீர்ப்புக்குப் பின்னால் கீதை நிற்கிறது. அதைச் சொன்ன பார்த்தசாரதியே உடப்பில் மூலவராக இருப்பதால் இந்த எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்வதர்மத்தை விட்டுப் பரதர்மத்தைக் கைக்கொள்வது ஆபத்து என்று கீதை 3ஆம் அத்தியாயத்திலும் 18ஆம் அத்தியாயத்திலும் எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்கு, எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். அதே அருச்சுனன் போருக்குச் சற்று முன்புதான் ஒரு வருடம் விராட நகரில் பிருகன்னளையாக இருந்து அரசகுமாரிக்கு ஆடல் கற்பித்தான். தருமன் சூதாட்டத் துணைவனானான், பீமன் மடைப்பள்ளிக்குப் போனான், நகுலன் குதிரை பார்த்தான், சகாதேவன் பசு மேய்த்தான், திரௌபதி பிற பெண்ணுக்குக் கூந்தல் முடித்தாள். அந்த ஒரு வருடத்துக்காகக் கண்ணன் எவரையும் கண்டிக்கவில்லை. கண்டித்தது, இரு படைகளும் அணிவகுத்து, தன்னை நம்பி ஒரு பக்கமே நிற்கும் வேளையில் வில்லைக் கீழே வைத்தபோது. கைவிடப்பட்டது தொழில் என்பதைவிட, கைவிடப்பட்டவர்கள் மனிதர்கள் என்பதே அங்கே குற்றம். இந்த வாசிப்பை ஏற்றால், ஒப்புக்கொண்ட நாடகத்தை அரங்கேற்றத்துக்கு முதல்நாள் விட்டுப்போகிற காட்சியமைப்பாளர் ஸ்வதர்மம் வழுவியவர். கடனை முடித்துக்கொடுத்துவிட்டுப் படிக்கப்போகிறவர் அப்படியல்லர்.

இந்த வாசிப்பு வசதிக்காகச் செய்துகொண்டது என்று ஒருவர் மறுக்கலாம். கீதை வர்ணங்களுக்குத் தொழில் வகுக்கிறது. அதே பாரதத்தின் வனபருவத்தில் மிதிலையின் இறைச்சி வணிகன் தன் குலத்தொழிலை விடாமலே ஞானியாகி, கர்வம் கொண்ட தவசிக்குப் பாடம் சொல்கிறான். பிராமணனாகப் பிறந்து ஆயுதம் ஏந்திய துரோணனைப் போர்க்களத்தில் பீமன் அதைச் சொல்லியே குத்திக்காட்டுகிறான். இவை உண்மை. இந்த வரிகளைக் கொண்டு, பிறந்த தொழிலிலேயே மக்களைக் கட்டிவைத்த கொடுமையும் உண்மை. அதை மூடிமறைத்து நூலைக் காப்பாற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் பாரதம் ஒரே குரலில் பேசும் நூல் அன்று. அரசனாகப் பிறந்து பிரம்மரிஷியான விசுவாமித்திரனும் அதற்குள்ளேதான் இருக்கிறான். மிதிலை வணிகனின் கதையைக் கூர்ந்து பார்த்தாலும், அவன் ஞானி ஆனது இறைச்சி விற்றதால் அன்று. பெற்றோரைப் பேணி, பொய்யின்றி வணிகம் செய்து, தன் செயலின் சுமையைத் தானே ஒப்புக்கொண்டதால். தொழிலுக்குள் ஒருவர் எப்படி நிற்கிறார் என்பதைக் கதை எடைபோடுகிறது. உடப்பில் கரைவலைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை ஆசிரியராவதை இன்று எந்தப் பெரியவரும் தர்ம மீறல் என்று சொல்வதில்லை. அங்கே மறுக்கப்படாத உரிமையை, ஒரு கலையிலிருந்து அடுத்த கலைக்குப் போகிறவருக்கு மட்டும் மறுக்க நியாயம் இல்லை.

இரண்டாவது தீர்ப்பு இனிமையானது, ஆகவே அதிகம் ஏமாற்றுவது. மண் கோயிலைவிட மரக்கோயிலுக்கும், அதைவிடச் செங்கல்லுக்கும், எல்லாவற்றையும்விடக் கருங்கல்லுக்கும் புண்ணியம் கூடுதல் என்று அக்கினி புராணம் போன்ற நூல்கள் அடுக்குகின்றன. ஓர் இரவு நின்று மறுநாள் பிரிக்கப்படும் மேடை இந்த அடுக்கில் எங்கே வரும்? விடை, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டை நாட்டை ஆண்ட மகேந்திரவர்மனிடம் கிடைக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேராமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் வடமொழியில் பொறித்து வைத்தவன் அவன். காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் காஞ்சித் தெருவில் சண்டையிட வைத்து ‘மத்தவிலாசம்’ என்ற நகைநாடகம் எழுதியவனும் அவனே. குடைவரை இன்றும் நிற்கிறது. நாடகமோ கேரளத்துச் சாக்கையர்களின் உடம்பில் ஏறி, சடங்காகவே ஆடப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று அசையாமல் நிலைத்தது, மற்றது திரும்பத் திரும்பச் செய்யப்பட்டு நிலைத்தது. இரண்டில் எது நிலையானது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. திருப்பணி நடக்கும் கோயிலில் பாலாலயம் அமைத்து, மூலவரின் சாந்நித்தியத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவது நம் வழக்கம். அந்த மாதங்களில் தெய்வம் பலகையிலும் படத்திலும் குடியிருக்கிறது. வணக்கத்தில் ஒரு துளி குறைவதில்லை. தற்காலிகமானது தாழ்ந்தது என்றால் இந்தச் சடங்குக்கே பொருள் இருக்காது. நிலைப்பின் மறுபக்கத்தையும் ஜோன்ஸின் மண்டபம் காட்டுகிறது. முகமூடி நாடகங்கள் ஆடுவதற்கென்றே எழுந்த அதன் விதானத்தில் 1636இல் ரூபன்ஸின் ஓவியங்களைப் பதித்தார்கள். தீப்பந்தப் புகை ஓவியத்தைக் கெடுக்கும் என்று நாடகம் வெளியேற்றப்பட்டு, பக்கத்தில் மரத்தால் தற்காலிகக் கூடம் ஒன்று எழுப்பப்பட்டது. நிலைத்த பொருள், தான் எதற்காகப் பிறந்ததோ அதையே துரத்திவிட்டது. கடலரிப்பைத் தலைமுறைகளாகப் பார்த்துவரும் புத்தளக் கரையில், நிலைப்பைப் புண்ணியத்தின் அளவுகோலாக வைப்பது இன்னும் பொருந்தாது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? நாடகம் பார்க்க வந்து உட்காருகிறவருக்கு, எதிரே தெரியும் அரண்மனை துணியும் பலகையும் என்பது தெரியும். தெரிந்தே அவர் தம்மை ஒப்படைக்கிறார். அந்தப் பொய் இருவரும் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை. காட்சியமைப்பாளர் எவ்வளவு திறமையாகக் கண்ணை ஏய்க்கிறாரோ அவ்வளவுக்குப் பார்வையாளர் நன்றி சொல்கிறார். வீட்டுக்குள் வந்து படுக்கிறவர் அப்படி எந்த உடன்படிக்கையும் செய்யவில்லை. தூணுக்குள் போதிய கம்பி இருக்கிறதா, ஓடு மேலே தங்குமா, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறலாம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. அவர் கண்ணை மூடித் தூங்குவதற்காகவே அங்கே வருகிறார். பார்வையாளர் விழித்திருப்பவர், குடியிருப்பவர் உறங்குபவர். விழித்திருப்பவரிடம் காட்டும் மாயம் கலை. உறங்குபவரிடம் காட்டும் மாயம் வஞ்சகம். மேடையிலிருந்து கட்டடத்துக்குப் போகிறவர் கையில் இருக்கும் திறமை ஒன்றே. அந்தத் திறமை உண்மையோடு வைத்துக்கொள்ள வேண்டிய உறவு மட்டும் தலைகீழாகிறது.

பாரதம் இதை மூன்று கட்டடங்களால் சொல்கிறது. வாரணாவதத்தில் புரோசனன் கட்டியது அரக்கு மாளிகை: வெளியே அரச மாளிகை, உள்ளே நெய்யும் அரக்கும். இந்திரப்பிரஸ்தத்தில் மயன் கட்டிய சபையில் தரை தண்ணீராகத் தெரிந்தது, தண்ணீர் தரையாகத் தெரிந்தது, துரியோதனன் விழுந்தான். எழுந்த சிரிப்பை நம் கூத்து மரபு திரௌபதியின் வாயில் வைத்தது. அத்தினாபுரத்தில் திருதராட்டிரன் கட்டச்சொன்ன மூன்றாவது மண்டபம், நட்பு விளையாட்டுக்கு என்று சொல்லி வஞ்சகச் சூதுக்கு எழுப்பியது. மூன்றுமே அரங்க உத்தி கைதேர்ந்த கட்டடங்கள். மூன்றிலும் உள்ளே வந்தவர் எதற்குள் வருகிறார் என்பது அவரிடம் மறைக்கப்பட்டது. 18 நாள் போரின் வேர் இந்த மூன்று மறைப்புகளில் இருக்கிறது. அரக்கு மாளிகையின் கணக்கு இன்னும் கடுமையானது. விதுரனின் குறிப்பால் பாண்டவர் உண்மை அறிந்து, சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அன்றிரவு விருந்துண்டு அங்கேயே உறங்கிவிட்ட வேட்டுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் எரிந்தார்கள். தீ வைத்தது பீமன். அந்த மாளிகையைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் அந்த ஆறு பேர் மட்டுமே. பாரதம் அவர்களுக்காக நின்று அழுவதில்லை. வாசிக்கிற நாம் நிற்க வேண்டும். மறைத்துக் கட்டிய வீடு, கடைசியில் யாரைக் குறிவைத்ததோ அவரை விட்டுவிட்டு, அறியாதவர்களை எடுத்துக்கொள்கிறது. அந்த வீட்டிலிருந்து நல்லவர்கள் தப்பியதும் இந்தக் கணக்கை மாற்றவில்லை.

மேடையும் ஆளைக் கொல்லுமே, சரிந்த பந்தலும் எரிந்த கொட்டகையும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அந்தக் கேள்வி என் எல்லைக்கோட்டை அழிப்பதற்குப் பதிலாகத் துலக்கமாக்குகிறது. 1997 ஜூன் 7ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயிலில், குடமுழுக்குக்காகக் கீற்றால் வேய்ந்த யாகசாலை தீப்பிடித்தது. 48 பேர் இறந்தார்கள். 1010இல் முடிந்த இராசராசனின் கற்றளி அசையாமல் நின்றது. சில நாட்களுக்கென எழுப்பிய கொட்டகை உயிர்களை வாங்கியது. அந்த யாகசாலை தற்காலிகம் என்பதால் மேடையின் வகையில் சேருமா? சேராது. அதற்குள் வந்தவர்கள் எதையும் பாவனையாக ஏற்று வரவில்லை; கூரை தங்களைக் காக்கும் என்று நம்பி வந்தார்கள். ஆகவே ஒருநாள் பந்தலும் ஆயிரமாண்டுக் கற்றளியும் அறத்தின் கணக்கில் ஒரே பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை. நாடக மேடையிலேயே கூட, திரையில் வரைந்த மலை பாவனை, நடிகர் ஏறி நிற்கும் படிக்கட்டு மெய். காட்சியமைப்பாளர் அந்தப் படிக்கட்டளவில் ஏற்கெனவே கட்டடக்கலைஞர்தான். தொழில் மாறும்போது புதிய பொறுப்பு ஒன்று முளைப்பதில்லை. சிறிய அளவில் இருந்த பொறுப்பு எல்லாப் பக்கமும் விரிகிறது.

தத்துவத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பு இன்னும் ஆழமானது. உலகமே மாயை என்றால் மேடை பொய், வீடு மெய் என்ற பிரிவு எதற்கு? இரண்டும் ஒரே கனவின் இரண்டு காட்சிகள் அல்லவா? அத்துவைதமே இப்படிச் சொல்வதில்லை. கயிற்றில் தோன்றும் பாம்பு பிராதிபாசிகம் (வெறும் தோற்றம்), கயிறு வியாவகாரிகம் (உலக வழக்கில் மெய்) என்று அது படிகள் வகுக்கிறது. பிரம்மத்தை நோக்கக் கயிறும் இறுதி உண்மை ஆகாது. ஆனால் கிணற்றில் இறங்குகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது கயிற்றை, பாம்பை அன்று. உலக வழக்கில் இந்த வேறுபாட்டைக் கலைத்துவிட அத்துவைதி எவருக்கும் அனுமதி தரவில்லை. சைவ சித்தாந்தம் இன்னும் நேராகப் பேசும். தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) ஆகியவற்றை உயிர்களுக்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்குகிறான் என்பது அதன் கொள்கை. இங்கே மாயை வெறும் தோற்றம் அன்று. உலகத்துக்கு மூலப்பொருள், மண்ணைப் போல உள்பொருள். புவனம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. என்றைக்குமாக நிற்பது அன்று. ஆனாலும் அது பொய் அன்று. ஏனென்றால் உயிர் அதற்குள் மெய்யாகவே வாழ்ந்து பக்குவப்படுகிறது. நிலையாமையும் பொய்ம்மையும் இரண்டு வேறு சங்கதிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நிலையில்லாத ஒன்று முழு மெய்யாக இருக்கலாம். அதைக் கட்டுகிறவர் முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் படிப்பின் சமயப் பொருள் புலப்படுகிறது. தீமிதிக்கப் போகிறவர் காப்புக் கட்டி, விரதம் இருந்து, நோன்பு முடித்தே தணலுக்கு முன் வருகிறார். துணிச்சல் மட்டும் அங்கே தகுதி ஆகாது. நடிப்பிலிருந்து நெருப்புக்குப் போகும் வழியில் ஒரு தடுப்பும் ஒரு காலமும் வேண்டும் என்று சடங்கு அறிந்திருக்கிறது. மேடையிலிருந்து கட்டடத்துக்குப் போகும் வழியில் பட்டப்பின் படிப்பு அந்தக் காலம். அமெரிக்காவில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே மூன்று ஆண்டு அல்லது அதற்குச் சற்று மேல் நீளும் கட்டடக்கலை முதுகலை உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய அங்கீகரித்த பட்டம் வேண்டும். முதுகலையில் சேரவே கட்டடக்கலையில் ஐந்தாண்டு இளங்கலை கேட்பதால், நடுவழியில் மாறுகிறவர் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும், 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கட்டடக்கலைஞர் நிறுவகமும் இந்த வாயிலைக் காக்கின்றன. மண்ணின் தாங்குதிறன், சுமை இறங்கும் வழி, தீ வெளியேற்றம், மழைநீர், சட்டம் என்று அங்கே கற்பிப்பதில் பெரும்பகுதி அழகைப் பற்றியது அன்று. உறங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டிய பதில்களைப் பற்றியது. நம் மரபும் இதை அறியாததன்று. மாயச் சபை கட்டிய மயனின் பெயரில்தான் தென்னாட்டு வாஸ்து நூலான ‘மயமதம்’ வழங்குகிறது. அத்தகைய நூல்கள் நிலத்தில் குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்ப நிரப்பி, மிஞ்சுகிறதா குறைகிறதா என்று சோதிக்கச் சொல்கின்றன. கண்ணை ஏய்ப்பதில் வல்லவன் என்று பெயரெடுத்தவனின் மரபு மண்ணைக் கேட்காமல் கல்லெடுப்பதில்லை.

பட்டம் வெறும் காகிதம், கோயில் கட்டிய ஸ்தபதிகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் படித்தார்கள், கையெழுத்திட்ட சான்றிதழ் மட்டும் இல்லை. சிறுவயது முதல் உளி பிடித்து, குருவின் கண்முன் ஆண்டுக்கணக்கில் தவறி, திருத்தி, பிறகே தனியாகக் கல்லைத் தொட்டவர்கள் அவர்கள். மேடைக்கும் அப்படி ஒரு கல்வி இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளந்து காட்டுகிறது. நூல் வழி நிலம் தெரிந்து, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்தி, மூன்று வகை எழினிகள் என்னும் திரைகள் கட்டிய அந்த அரங்கு போகிறபோக்கில் போட்டது அன்று. ஆகவே கல்வி பெற்றவர் கட்டடக்கலைஞர், பெறாதவர் மேடைக்காரர் என்று பிரிக்க முடியாது. நான் வற்புறுத்துவது கல்லூரியை அன்று, இடைக்காலத்தை. தவறினால் ஆள் சாகாத இடத்தில் தவறிப் பழகும் காலம் அது. அந்தக் காலத்துக்குப் பணம் வேண்டும், பல ஊர்களின் பிள்ளைகளுக்கு அது எட்டாது என்பதும் உண்மை. அதற்குப் பரிகாரம் உதவித்தொகையும் பணியோடு கற்கும் வழிகளும். விரதத்தையே கைவிட்டுத் தணலில் இறங்கச் சொல்வது பரிகாரம் ஆகாது.

விட்டுவர வேண்டியதைப் பற்றியே பேசினால், கொண்டுவரத் தக்கது எதுவும் இல்லை என்று தோன்றிவிடும். மேடை கற்றுத்தரும் ஒன்றைக் கட்டடக் கல்வி எளிதில் தருவதில்லை: ஒரு கூட்டம் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே நடந்துகொள்ளும் என்ற அறிவு. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் சுற்றிலும் மக்கள் அமர்கிறார்கள். ஆடுகிறவர் எவர் பார்வைக்கும் முதுகைக் காட்டி ஒளிய முடியாது, பார்க்கிறவர் எதிர்ப்பக்கத்து முகங்களையும் சேர்த்தே பார்க்கிறார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் அந்தக் கூத்தை ஒருபக்கம் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்து புத்துயிர் கொடுத்தபோது, ஆட்டத்தோடு பார்வையாளரின் இருப்பும் மாறியது. இருளில் வரிசையாக உட்கார்ந்தவர் தனியாளாகிறார். வட்டத்தில் அமர்ந்தவர் ஊராகிறார். திரௌபதியின் வழக்கும் இதுதான். அத்தினாபுரச் சபையில் அவள் கேட்டது ஒரு சட்டக் கேள்வி: தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லித் தப்பினார். அரசனை நோக்கி அமர்ந்த அவை, அவளைக் காட்சியாகப் பார்த்தது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வைத்தியசாலை, பிரதேச சபை எதைக் கட்டினாலும், அங்கே நீதி கேட்டு வருகிறவரைக் காட்சிப்பொருளாக்காமல் பேச வைக்கும் அமைப்பு எது என்று சிந்திக்க, மேடையில் பழகியவருக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அதை அவர் விட்டுவரத் தேவையில்லை.

இனித் தீர்ப்பைச் சொல்லலாம். மேடையை விட்டுக் கட்டடத்துக்குப் போகிறவர் வழுவியவரும் அல்லர், உயர்ந்தவரும் அல்லர். மேடையிலேயே கடைசிவரை நிற்கிறவர் அவரைவிடத் தாழ்ந்தவரும் அல்லர். உடன்பட்ட பொய்யை நேர்மையாகச் செய்வதும் ஒரு முழு வாழ்க்கைக்குப் போதுமான அறம். மாறுகிறவருக்கு அறம் வைக்கும் நிபந்தனைகள் மூன்று: நம்பியிருந்தவர்களின் கடனை முடித்துவிட்டுப் புறப்படுவது, தவறிப் பழகும் காலத்தைக் குறுக்குவழியில் கடக்காமல் இருப்பது, கண்ணை ஏய்க்கும் கலையை இனி உறங்குகிறவர்மீது பிரயோகிக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் கடினமானது. ஏனென்றால் பட்டம் பெற்ற பிறகும், பதிவு எண் கிடைத்த பிறகும், ஒவ்வொரு வரைபடத்திலும் அது புதிதாக எழுந்து நிற்கும். அழகான முகப்புக்குப் பின்னால் குறுகிப்போன படிக்கட்டும், செலவு குறைக்க மெலிந்துபோன தூணும், விற்பதற்காக மறைத்த நீர்க்கசிவும் அந்தக் கலையின் பிள்ளைகளே. தாம் கட்டுவதைப் பற்றி முழு உண்மையையும் அதற்குள் உறங்கப்போகிறவரிடம் முகம் பார்த்துச் சொல்ல முடிந்தவர் எந்தத் தர்மத்தையும் கைவிடவில்லை. சொல்ல முடியாதவர், எத்தனை ஆண்டு படித்திருந்தாலும், புரோசனனின் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.